விளக்குப் போட்ட கோபுரமும் நீல வானமும் ஒரே படத்தில்: எடுப்பது முதல் எடிட் வரை

மாலையில் கோபுரத்தைப் படம் எடுத்துப் பார்த்தவர்களிடம் இரண்டு வகைப் படங்கள் இருக்கும். ஒன்றில் கோபுரம் தெளிவாக இருக்கும், வானம் கரிபூசியது போல இருக்கும். இன்னொன்றில் வானம் அருமையாக இருக்கும், விளக்கு விழுந்த இடமெல்லாம் சிற்பம் தெரியாமல் வெளுத்துப் போயிருக்கும். இரண்டையும் ஒரே படத்தில் கொண்டுவரும் முறையை, மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேலக்கோபுரத்தை வைத்து எழுதுகிறேன். வேறு ஊரில் வேறு கோபுரம் என்றாலும் வரிசை இதேதான்.

என்னோடு முதல்முறை வந்த நண்பர்கள் பலர் தடுமாறியது மொட்டை மாடியில்தான், கணினியில் அல்ல. அதனால் எடுக்கும் பகுதிக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். கையில் இருக்க வேண்டியது ரா ஃபைல் (சென்சாரில் பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே சேமிக்கும் மூலப்படம்) எடுக்கக்கூடிய ஒரு கேமரா, டிரைபாட், இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிள், ஜிம்ப் என்ற இரண்டு மென்பொருட்கள். ஐஎஸ்ஓ, ஷட்டர், அபெர்ச்சர் மூன்றும் என்ன செய்கின்றன என்று தெரிந்திருந்தால் போதும்.

1. முதலில் நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

சூரியன் மறைந்த பிறகு வானம் ஆழ்ந்த நீலமாக மாறும் நேரம் ஒன்று உண்டு. சூரியன் அடிவானத்துக்குக் கீழே சுமார் 4 டிகிரியிலிருந்து 8 டிகிரி வரை இறங்கும் நேரம் அது. அப்போது வானத்தின் வெளிச்சமும் விளக்கின் வெளிச்சமும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு வரும். அதற்கு முன்னால் வானம் ஜெயிக்கும், பின்னால் விளக்கு ஜெயிக்கும்.

ஐரோப்பாவில் இருந்து எழுதப்படும் குறிப்புகளைப் படித்துவிட்டு வருபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். லண்டன் இருக்கும் அட்சரேகையில் சூரியன் சாய்வாக இறங்கும். அந்த 4 டிகிரியைக் கடக்க மார்ச் மாதத்தில்கூட 25 நிமிடம் ஆகும், கோடையில் இன்னும் அதிகம். மதுரை நிலநடுக்கோட்டிலிருந்து 10 டிகிரிதான். இங்கே சூரியன் ஏறக்குறைய நேர்செங்குத்தாக விழுகிறது, அதே தூரத்தை 16, 17 நிமிடத்தில் கடந்துவிடும்.

கணக்கு இதுதான்: மறைவு நேரத்தோடு 13 நிமிடத்தைக் கூட்டினால் தொடக்கம், 29 நிமிடத்தைக் கூட்டினால் முடிவு. மதுரையில் நவம்பர் தொடக்கத்தில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், ஜூலையில் 6.40-ஐத் தாண்டும். அதனால் "ஆறரைக்குப் போனால் போதும்" என்று பொதுவாக வைத்துக்கொள்ள முடியாது. அன்றைய மறைவு நேரத்தைப் பஞ்சாங்கத்திலோ கைபேசியிலோ பார்த்து, இரண்டு நேரங்களையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நேரத்தில் வெளிச்சம் சுமார் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். கண்ணுக்கு அது தெரியாது, கண் தன்னைச் சரிசெய்துகொண்டே இருக்கும். கேமராவுக்குத் தெரியும்.

2. எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறீர்கள் என்று கவனியுங்கள்

கோயிலுக்குள் கேமராவையும் கைபேசியையும் கொண்டுபோக முடியாது. ஆகவே வெளியிலிருந்துதான் எடுக்க வேண்டும். மேலப்பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் உள்ள விடுதிகள் சிலவற்றின் மொட்டை மாடியிலிருந்து கோபுரங்கள் நன்றாகத் தெரியும். மாடியில் உணவகம் இருந்தால் ஒரு காபி சொல்லிவிட்டு, டிரைபாட் வைக்கலாமா என்று பொறுப்பாளரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். விரித்த பிறகு கேட்டால் பெரும்பாலும் "வேண்டாம்" என்றுதான் பதில் வரும். சித்திரை வீதியில் நின்று எடுப்பதானால் அங்கே காவலில் இருக்கும் போலீஸாரிடம் சொல்லிவிட்டு வையுங்கள்.

இந்த மாடிகளிலிருந்து பார்க்கும்போது நீங்கள் கிழக்கு நோக்கி இருக்கிறீர்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் மறைகிறது. இதனால் இரண்டு விஷயங்கள் நடக்கும். மறைந்த சில நிமிடங்களில் கோபுரத்துக்குப் பின்னால் அடிவானத்தில் சாம்பல்நீலப் பட்டை ஒன்று எழும்பும். அது பூமியின் நிழல். அதற்கு மேலே ஓர் இளஞ்சிவப்புப் பட்டை கொஞ்ச நேரம் தங்கும். இரண்டாவது, மேற்கு வானத்தைவிடக் கிழக்கு வானம் சீக்கிரம் இருளும். ஆகவே வானமும் விளக்கும் சமமாகும் நேரமும் சில நிமிடம் முன்னதாகவே வந்துவிடும். கீழக்கோபுரத்தைக் கிழக்கேயிருந்து எடுத்தால் இதற்கு நேர்மாறு: செவ்வானம் கோபுரத்துக்குப் பின்னால் நெடுநேரம் நிற்கும்.

கிளம்பும் முன் இன்னொன்றும் விசாரித்துவிடுங்கள். கும்பாபிஷேகத் திருப்பணி நடக்கும் காலத்தில் கோபுரத்தைச் சாரம் கட்டி மூடிவைத்திருப்பார்கள். அந்தச் சமயத்தில் போனால் கட்டியிருக்கும் சவுக்குக் கம்புகளைத்தான் படம் எடுக்க வேண்டியிருக்கும்.

பௌர்ணமியன்று நிலவும் கிழக்கில்தான் எழும்பும் என்பதால் ஆசை வரும். முதல் முயற்சிக்கு அந்த நாளைத் தவிருங்கள். நிலவுக்குத் தேவைப்படும் ஷட்டர் 1/100 நொடிக்கும் குறைவு, கோபுரத்துக்கு நான்கு நொடி. அது தனி வேலை.

3. பையில் என்ன இருக்க வேண்டும்

டிரைபாட், இரண்டு பேட்டரி, துடைக்கும் துணி, சின்னக் கைவிளக்கு, கொஞ்சம் செல்லோடேப். ரிமோட் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கேமராவில் இருக்கும் 2 நொடி டைமர் போதும்.

லென்ஸின் முன்னால் யூவி ஃபில்டர் மாட்டியிருந்தால் கழற்றிப் பையில் போடுங்கள். பிரகாசமான விளக்கு ஒன்று ஃபிரேமுக்குள் இருந்தால், அந்தத் தட்டையான கண்ணாடியில் பட்டுத் திரும்பி, வானத்தில் தலைகீழாகப் பச்சைப் புள்ளிகளாக விழும். எடிட்டில் அதை எடுப்பது பெரிய பாடு.

விடுதியில் ஏசி அறையில் தங்கியிருந்தால், கேமராவைப் பையோடு அரைமணி நேரம் முன்பே அறைக்கு வெளியே வைத்துவிடுங்கள். குளிர்ந்த லென்ஸ் வெளிக்காற்றில் பட்டதும் ஆவி படியும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அது லேசில் போகாது. துடைக்கத் துடைக்க வரும்.

4. வெளிச்சம் இருக்கும்போதே ஃபிரேமைப் பூட்டுங்கள்

மறைவுக்கு அரைமணி நேரம் முன்னால் டிரைபாடை நிறுத்திவிட வேண்டும். ஆட்கள் நடந்தால் அதிரும் தளமா என்று பாருங்கள். தண்ணீர்த்தொட்டி மோட்டார் ஓடும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். நடுக்குழாயை உயர்த்தாமல், கால்களை மட்டும் நீட்டி உயரம் வாங்குங்கள். குழாயை உயர்த்தினால் காற்றுக்கு ஆடும்.

அடுத்து, கேமராவை மட்டமாக வையுங்கள். மேல்நோக்கிச் சாய்த்தால் கோபுரம் பின்பக்கம் சாய்வது போலத் தெரியும். மாடியிலிருந்து எடுப்பதன் பலனே இதுதான்: கேமரா ஏறக்குறைய கோபுரத்தின் நடு உயரத்தை நோக்கி நிற்பதால் சாய்க்க வேண்டியதில்லை. வீதியிலிருந்து எடுத்தால் சாய்க்காமல் முடியாது. அப்போது சுற்றிலும் தாராளமாக இடம் விட்டு எடுங்கள், பிறகு நிமிர்த்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும். கலசத்துக்கு மேலே வானம் குறைவாக விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் வருந்தாதவர் இல்லை.

ஃபோகஸை இப்போதே முடியுங்கள். லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கி, கோபுரத்தின் நடுத்தளத்தில் ஒரு சுதைச்சிற்பத்தின் முகத்தைத் தேர்ந்தெடுத்து, மூக்கும் கண்ணும் கூர்மையாகும் வரை வளையத்தைத் திருப்புங்கள். பிறகு மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றி, வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். இருட்டியதும் ஆட்டோ ஃபோகஸ் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னும் பின்னும் தேடும். ஒவ்வொரு தேடலிலும் ஃபிரேம் மயிரிழை பெரிதாகிச் சிறிதாகும். பிறகு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது ஓரங்கள் பொருந்தாது.

இதற்குப் பிறகு ஜூமையும் டிரைபாடையும் தொடக்கூடாது. ஒருமுறை நான் இருபது நிமிடம் எடுத்து முடித்த பிறகு, பையை எடுக்கும்போது கால் தட்டிவிட்டது. அதன் பிறகு எடுத்த படங்கள் எதுவும் முந்தைய படங்களோடு ஒட்டவில்லை. இப்போதெல்லாம் பையைச் சுவரோரமாக, டிரைபாடிலிருந்து நான்கடி தள்ளித்தான் வைக்கிறேன்.

5. கேமராவில் மாற்ற வேண்டியவை

மேனுவல் மோடு, ஐஎஸ்ஓ 100, அபெர்ச்சர் எஃப் 8. பெரும்பாலான லென்ஸ்கள் இந்த இடத்தில்தான் ஓரம்வரை கூர்மையாக இருக்கும். விளக்கில் நட்சத்திரக் கதிர் வேண்டும் என்று எஃப் 16 வரை போகிறவர்கள் உண்டு. கதிர் வரும், சிற்பத்தின் கூர்மை போகும். நான் எஃப் 8-லேயே நிற்பேன்.

ரா ஃபைல் கட்டாயம். படத்தின் நிறச்சாயலைத் தீர்மானிக்கும் வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் 4000 கெல்வினில் நிறுத்துங்கள். ராவில் பிறகு மாற்றலாம்தான், ஆனால் ஆட்டோவில் விட்டால் திரையில் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு நிறத்தில் தெரிந்து, எது நல்ல வானம் என்று அங்கே முடிவுசெய்ய முடியாது.

இன்னும் மூன்று விஷயங்களை அணையுங்கள். முதலாவது இமேஜ் ஸ்டெபிலைசேஷன்: டிரைபாடில் இருக்கும்போது சில கேமராக்களில் அதுவே அசைவை உண்டாக்கும். இரண்டாவது, லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன். இது இயங்கினால் நான்கு நொடிப் படத்துக்குப் பிறகு இன்னொரு நான்கு நொடி ஷட்டரை மூடிவைத்து ஓர் இருட்டுப் படம் எடுக்கும். மொத்தமே 16 நிமிடம் இருக்கும்போது பாதியை அதற்குக் கொடுக்க முடியாது. மூன்றாவது, திரையின் தானியங்கிப் பிரகாசம். இருட்டில் திரை மிகவும் பளிச்சென்று தெரியும், சரியான படம் ஓவராகத் தோன்றும், நாம் ஷட்டரைக் குறைத்துவிடுவோம். திரையை நம்பாமல் ஹிஸ்டோகிராமை நம்புங்கள். படத்தில் இருள் எவ்வளவு என்று இடப்பக்கமும் வெளிச்சம் எவ்வளவு என்று வலப்பக்கமும் மேடுகளாகக் காட்டும் வரைபடம் அது.

பிராக்கெட்டிங்கை, அதாவது ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் அடுத்தடுத்து எடுக்கும் வசதியை, மூன்று படம், இரண்டு ஸ்டாப் இடைவெளி என்று வையுங்கள். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்காவது அல்லது பாதியாவது. ஒருமுறை அழுத்தினால் நடுப்படம், இரண்டு ஸ்டாப் குறைந்த படம், இரண்டு ஸ்டாப் கூடிய படம் என்று வரும். இந்த மூன்றும் சேர்ந்தது ஒரு தொகுப்பு.

6. எடுக்கும் வரிசை

மறைவுக்கு ஐந்து நிமிடம் கழித்து முதல் தொகுப்பு. அதிலிருந்து இரண்டு நிமிடத்துக்கு ஒரு தொகுப்பு, மறைவிலிருந்து 32-வது நிமிடம் வரை. ஏறத்தாழ 14 தொகுப்பு, 42 படம். எது நல்ல நிமிடம் என்று அங்கே நின்று யாராலும் தீர்மானமாகச் சொல்ல முடியாது. முழுவதையும் எடுத்துவைத்தால் வீட்டில் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கலாம்.

நடுப்படத்தை எப்போதும் வானத்துக்கு அளவெடுங்கள். ஹிஸ்டோகிராமில் வானத்தின் மேடு நடுவுக்குக் கொஞ்சம் இடப்பக்கம் இருக்க வேண்டும். இரண்டு தொகுப்புக்குள் அந்த மேடு இடப்பக்கம் நகர்ந்திருக்கும், ஷட்டரை ஒரு ஸ்டாப் நீட்டுங்கள். தொடக்கத்தில் நொடியின் சிறு பகுதியாக இருக்கும் ஷட்டர், நடுவில் 2 நொடிக்கும் கடைசியில் 8 நொடிக்கும் வந்து நிற்கும்.

ஒவ்வொரு தொகுப்பிலும் குறைந்த படத்தில் ஹைலைட் எச்சரிக்கையைப் (ஒரேயடியாக வெளுத்த இடத்தைத் திரையில் சிமிட்டிக் காட்டும் வசதி) பாருங்கள். விளக்கின் பல்பு மட்டும் சிமிட்டினால் சரி. விளக்கு விழும் சுதைச்சிற்பத்தின் மேனி சிமிட்டினால், இன்னும் இரண்டு ஸ்டாப் குறைத்துத் தனியாக ஒரு படம் எடுத்துவையுங்கள். ஒரேயடியாக வெளுத்த இடத்தில் எந்த மென்பொருளாலும் சிற்பத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

நடுப்படம் 8 நொடியைத் தாண்டினால் கூடிய படம் 30 நொடிக்கு மேல் கேட்கும். பெரும்பாலான கேமராக்களின் எல்லை 30 நொடி. அந்தக் கட்டத்தில் ஐஎஸ்ஓவை 200-க்கு ஏற்றுங்கள், அல்லது கூடிய படத்தை விட்டுவிடுங்கள். இருட்டில் அது பெரிதாகத் தேவைப்படாது.

தொடக்கத் தொகுப்புகளில் 1/125 போன்ற வேக ஷட்டர் வந்தால் எல்இடி விளக்குகளின் மேல் கோடுகோடாக விழலாம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். அந்த நேரத்துப் படத்திலிருந்து வானத்தை மட்டும்தான் எடுக்கப்போகிறோம் என்பதால் கவலைப்பட வேண்டாம்.

நான் கண்ட மிகப் பெரிய தவறு இந்தக் கட்டத்தில்தான் நடக்கிறது. சூரியன் மறைந்த பத்தாவது நிமிடம் வானம் மங்கிச் சப்பென்று ஆகும். "அவ்வளவுதான் இன்றைக்கு" என்று பலர் டிரைபாடை மடக்கிவிடுகிறார்கள். அந்த மங்கலுக்கு அடுத்த ஐந்து நிமிடத்தில்தான் நீலம் ஏறும். தாளில் எழுதிய முடிவு நேரம் வரும்வரை நில்லுங்கள்.

7. வீட்டில்: மூன்று படங்கள் மட்டும்

எல்லாவற்றையும் டார்க்டேபிளில் ஏற்றி, சிறுபடங்களாக வரிசையில் பாருங்கள். முதலில் அடிப்படைப் படத்தைத் தேர்ந்தெடுங்கள்: கோபுரத்தின் இருண்ட பகுதியில் விவரம் தெரிய வேண்டும், வானம் நீலமாக இருக்க வேண்டும். கிழக்கு நோக்கி எடுத்ததில் எனக்குப் பெரும்பாலும் 15-லிருந்து 19-வது நிமிடத்துக்குள் அது கிடைக்கும்.

இரண்டாவது, அதே தொகுப்பின் குறைந்த படம். விளக்குகளுக்கு இது. மூன்றாவது, வேண்டுமானால், அதற்கு ஆறேழு நிமிடம் முன்னால் எடுத்த ஒரு வானம், இளஞ்சிவப்பு கொஞ்சம் மிச்சமிருக்கும் படம். முதல் தடவை செய்பவர்கள் இந்த மூன்றாவதை விட்டுவிடலாம். இரண்டோடு நன்றாகச் செய்யப் பழகிய பிறகு சேருங்கள்.

8. டார்க்டேபிளில் குறைவாகவே செய்யுங்கள்

அடிப்படைப் படத்தில் லென்ஸ் கரெக்ஷன், வொயிட் பேலன்ஸ், நாய்ஸ் குறைத்தல் மட்டும். கெல்வினைக் குறைத்தால் வானம் இன்னும் நீலமாகும், மஞ்சள் விளக்கு வெள்ளையை நோக்கிப் போகும். விளக்கின் மஞ்சள் கொஞ்சம் இருக்கட்டும். கோபுரத்துக்கு மாலை நேர வெதுவெதுப்பைக் கொடுப்பது அதுதான்.

இந்த மாற்றங்களை நகலெடுத்து மற்றப் படங்களிலும் அப்படியே ஒட்டுங்கள். லென்ஸ் கரெக்ஷன் ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாவிட்டால் அடுக்கும்போது மூலைகள் விலகி நிற்கும். கிராப், நிமிர்த்தல், ஷார்ப்பன் எதுவும் இப்போது வேண்டாம். 16 பிட் டிஃப் ஃபைலாக வெளியே எடுங்கள். ஜேபெக் என்றால் 8 பிட்தான், நீலம் மேலிருந்து கீழே மெல்ல மாறும் இடத்தில் படிப்படியாகப் பட்டை விழும்.

9. ஜிம்ப்பில் இரண்டையும் இணைத்தல்

இரண்டு டிஃப்களையும் லேயர்களாக, அதாவது ஒன்றன்மேல் ஒன்றான அடுக்குகளாகத் திறக்கும் கட்டளையால் ஒரே ஃபைலில் திறங்கள். கீழே அடிப்படைப் படம், மேலே குறைந்த படம்.

முதலில் பொருத்தம் பாருங்கள். மேல் லேயரின் மோடை டிஃபரன்ஸ் என்று மாற்றினால், இரண்டும் ஒன்றோடு ஒன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்று தெரியும். சிற்பங்களின் ஓரத்தில் இரட்டைக்கோடு தெரிந்தால் மூவ் டூலை எடுத்து, அம்புக்குறி விசையால் ஒவ்வொரு பிக்சலாக நகர்த்துங்கள். கோடு மறைந்ததும் மோடைப் பழையபடி நார்மலுக்குக் கொண்டுவாருங்கள்.

இப்போது மேல் லேயருக்கு ஒரு மாஸ்க் போடுங்கள். போடும்போது வரும் பெட்டியில், லேயரின் கறுப்புவெள்ளை நகலையே மாஸ்காக வைக்கும் தேர்வு இருக்கும், அதை எடுங்கள். மாஸ்கில் வெள்ளை இருக்கும் இடத்தில் மேல் படம் தெரியும், கறுப்பு இருக்கும் இடத்தில் கீழ்ப் படம் தெரியும். குறைந்த படத்தில் பிரகாசமாக எஞ்சியிருப்பது விளக்கு விழுந்த இடம் மட்டுமே. ஆகவே அந்த இடங்களில் மட்டும் குறைந்த படம் தானாகவே உட்காரும். சிற்பம் சிற்பமாகப் பிரஷ் போட்டுக் கொண்டிருக்க வேண்டியதில்லை.

மாஸ்கைத் தேர்ந்தெடுத்து லெவல்ஸ் திறங்கள். கறுப்பு முனையை வலப்பக்கம் இழுத்தால் வானம் முழுக் கறுப்பாகும், வெள்ளை முனையை இடப்பக்கம் இழுத்தால் விளக்குப் பகுதி முழு வெள்ளையாகும். பிறகு மாஸ்கை மட்டும் 10, 15 பிக்சல் காஸியன் பிளர் செய்து மங்கலாக்குங்கள். பிளர் இல்லாவிட்டால் சிற்பத்தின் மேனி தட்டையாகிவிடும். ஐம்பது, அறுபது என்று போனால் கோபுர விளிம்பைச் சுற்றி வானத்தில் ஒரு கருநிழல் வளையம் வரும். நூறு சதவீதத்தில் வைத்து, கலசங்களில் தொடங்கி விளிம்போடு ஒரு சுற்றுப் பாருங்கள். நான் ஒவ்வொரு கலசத்துக்கும் இடையே தெரியும் வானத்தைத் தனித்தனியாகப் பார்ப்பேன். தவறு முதலில் காட்டிக்கொடுப்பது அங்கேதான்.

விளக்குப் பகுதி மிகவும் அடங்கிவிட்டதாகத் தோன்றினால் மேல் லேயரின் ஒபாசிட்டியை 60, 70-க்குக் குறையுங்கள். விளக்கு விளக்காகத் தெரிய வேண்டும். எல்லா இடமும் ஒரே வெளிச்சத்தில் இருந்தால் கோபுரம் அட்டையில் வெட்டி ஒட்டியது போல ஆகிவிடும்.

10. நிமிர்த்துதல்: கோபுரத்தின் பக்கவாட்டை நம்பாதீர்கள்

இணைத்த பிறகுதான் இது, ஏனென்றால் தனித்தனியாக நிமிர்த்திய படங்கள் பிக்சலுக்குப் பிக்சல் ஒத்துப்போகாது. எல்லா லேயரையும் ஒன்றாக்கிய ஒரு நகலில் பர்ஸ்பெக்டிவ் டூலைப் பயன்படுத்துங்கள்.

கட்டடங்களை நிமிர்த்தப் பழகியவர்கள் கோபுரத்தின் இரு பக்கக் கோடுகளையும் நேராக்கப் பார்ப்பார்கள். கோபுரம் இயல்பிலேயே மேலே போகப்போகக் குறுகும். மதுரைக் கோபுரங்களின் பக்கங்கள் லேசாக உள்வாங்கிய வளைவும் கொண்டவை. அதைக் கோடாக்கினால் தலைபெருத்த விகாரமான உருவம்தான் வரும். கல்லால் ஆன அடித்தளத்தின் சுவர், சுற்றியுள்ள வீடுகளின் மூலை, விளக்குக் கம்பம் ஆகியவற்றைச் செங்குத்துக்கு அளவாக வையுங்கள். வாசலின் நடுவிலிருந்து நடுக்கலசம் வரை ஒரு கைட் கோடு இழுத்து, எல்லாத் தளங்களின் நடுவும் அதன்மேல் விழுகிறதா என்றும் பாருங்கள்.

11. நிறம், கூர்மை, வெளியீடு

சுதைச்சிற்பங்களின் வண்ணங்கள் ஏற்கெனவே அடர்த்தியானவை. சாச்சுரேஷனைப் பொதுவாக ஏற்றினால் முதலில் சிவப்பும் பச்சையும் பிதுங்கும். நீலம் மட்டும் வேண்டுமென்றால் நீலத்தை மட்டும் தனியாக, கொஞ்சமாக ஏற்றுங்கள்.

கூர்மையைக் கடைசியில், அளவைக் குறைத்த பிறகு கொடுங்கள். முழு அளவில் கொடுத்த கூர்மை, படத்தைச் சுருக்கும்போது மாறிவிடும். இணையத்தில் போட எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் ஜேபெக்காக வெளியே எடுங்கள். வேறு நிறவெளியில் எடுத்தால் சில திரைகளில் நீலம் செத்துப்போய்த் தெரியும்.

வெளியிடும் முன் கைபேசியில், பிரகாசத்தைப் பாதியாக வைத்து ஒருமுறை பாருங்கள். கணினியில் சரியாக இருந்த கீழ்த்தளங்கள் அங்கே கறுப்பாகப் போயிருந்தால், ஜிம்ப்புக்குத் திரும்பி நிழல் பகுதியை மட்டும் கொஞ்சம் தூக்கிவிடுங்கள். ஜிம்ப் ஃபைலை லேயர்களோடு சேமித்திருந்தால் இது இரண்டு நிமிட வேலை.